நூறு குதிரைகளில் எத்தனை? எதிர்ப்பொருள் கணக்கெடுப்பைச் செய்வதும் படிப்பதும்

"நாட்டின் குதிரைகளில் இத்தனை சதவீதத்துக்கு இன்ஃபுளூயன்சா எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறது" என்று ஒரு செய்தி வந்தால், என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் கால்நடை மருத்துவர்கள் உடனே அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: எந்தக் குதிரைகள்?

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயக் குதிரை, புதுப்பேட்டைக் காவல்துறைக் குதிரை, மெரினாவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஈர மணலில் நடக்கும் மட்டக்குதிரை, சௌகார்பேட்டையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை. நான்கும் ஒரே ஊரில் கொள்ளு தின்கின்றன. ஆனால் முதலாவதற்குத் தடுப்பூசி அட்டை உண்டு. பந்தயப் பருவத்துக்குப் பெங்களூர் போன்ற ஊர்களுக்கு லாரி ஏறும். அங்கே புதிய மூச்சுக்காற்றையும் புதிய வைரஸ்களையும் சந்திக்கும். மெரினாக் குதிரை கடற்கரைச் சாலையைத் தாண்டுவதே அபூர்வம். அதற்கு அட்டையும் இல்லை, ஆவணமும் இல்லை. இந்த நான்கையும் ஒரே சதவீதத்தில் போட்டுக் குழப்பினால் வருகிற எண் நான்கில் எதற்கும் பொருந்தாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில், ஒரே பானையில் வெந்த சோற்றுக்குத்தான் செல்லும்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஆய்வகத்தைவிட லாயத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். எலிசா (எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) தட்டில் நடக்கும் தவறை மறுநாள் திருத்தலாம். எந்தக் கழுத்தில் ஊசி போட்டோம் என்பதில் நடந்த தவறைத் திருத்த வழியில்லை.

முதலில் எந்த வைரஸ் என்று முடிவு செய்யுங்கள்

எதிர்ப்பொருள் என்பது ஒரு சாட்சி. இந்த உடல் எப்போதோ அந்த வைரஸையோ தடுப்பூசியையோ சந்தித்திருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். எப்போது, எப்படி, இப்போதும் உள்ளே இருக்கிறதா என்பதற்கெல்லாம் வைரஸுக்கு வைரஸ் பதில் மாறும். இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் "ஐந்து வைரஸ்களுக்குப் பார்க்கிறோம்" என்று கிளம்புகிறவர்கள், ஐந்து எண்களுக்கும் ஒரே பொருள் கொண்டு அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

குதிரை இன்ஃபுளூயன்சாவில் பாசிட்டிவ் என்றால் கடந்த காலத் தொற்று, அல்லது தடுப்பூசி. அவ்வளவுதான். இந்தியாவில் எச்3என்8 வகை 1987இல் பெரிய அளவில் பரவியது. பிறகு 2008இல் ஜம்மு பகுதியில் உள்ள காட்ராவில் கிளம்பி, வைஷ்ணவ தேவி மலையில் பக்தர்களைச் சுமக்கும் விலங்குகளிலிருந்து பல மாநிலங்களுக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. 2008இல் நின்றிருந்த குதிரைகளில் பெரும்பாலானவை 1987க்குப் பிறகு பிறந்தவை. தடுப்பூசி போடாதவற்றுக்கு எந்தப் பாதுகாப்பும் இருந்திருக்காது. இந்த வைரஸுக்கு வயதைக் கேட்காமல் எடுத்த சதவீதம் பாதிக் கணக்குதான் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ் 1, 4 இரண்டும் வேறு ரகம். வளர்ந்த குதிரைகளில் பெரும்பாலானவை எப்போதோ இவற்றைச் சந்தித்தவை. வைரஸ் உடலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, பயணம், பிரசவம் போன்ற நெருக்கடிகளில் மறுபடி தலைதூக்கும். இங்கே உயர்ந்த சதவீதம் வந்தால் பதற வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றோடொன்று குறுக்கு வினை புரிவதால் (ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றதோடும் ஒட்டும்), எதிர்ப்பொருள் வைரஸை முடக்குகிறதா என்று பார்க்கும் சாதாரண நடுநிலைப்படுத்தும் சோதனையில் எது எது என்று பிரிக்க முடியாது. இரண்டு வைரஸிலும் வேறுபடும் ஜி கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதத்தை அடிப்படையாகக் கொண்ட எலிசா வேண்டும்.

தொற்று ரத்தசோகை வைரஸ் இதற்கு நேர் எதிர். இங்கே எதிர்ப்பொருள் இருந்தால் குதிரை இன்றும் தொற்றுடன் இருக்கிறது என்று பொருள், சாகும்வரை இருக்கும், குதிரை ஈயின் கடியிலும், பல குதிரைகளுக்கு மாற்றாமல் போடும் ஒரே ஊசியிலும் மற்றவற்றுக்குப் போகும். தாயிடமிருந்து சீம்பாலில் எதிர்ப்பொருள் பெற்ற குட்டி மட்டும் விதிவிலக்கு. 1970இல் லெராய் காகின்ஸ் வெளியிட்ட அகார் ஜெல் சோதனை இன்றும் உறுதிப்படுத்துவதற்குப் பயன்படுகிறது. எலிசா பாசிட்டிவ் என்றதும் உரிமையாளரிடம் ஓடாதீர்கள்; காகின்ஸ் முடிவு வரட்டும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் வெஸ்ட் நைலும் கொசுவால் வருபவை. தமிழ்நாட்டுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சலோடு பழைய உறவு: இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூரில். பன்றியும் கொக்கு, நாரை இனப் பறவைகளும் அந்த வைரஸைப் பெருக்குகின்றன. குதிரை கடைசி நிறுத்தம். அதன் ரத்தத்தில் கொசுவைத் தொற்றவைக்கும் அளவுக்கு வைரஸ் பெருகுவதில்லை. ஆகவே மூளைக்காய்ச்சல் எதிர்ப்பொருள் உள்ள குதிரையால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் தடுப்பூசி போடாத அந்தக் குதிரை நிற்கும் இடத்தில், மனிதரையும் கடிக்கும் கொசுக்களில் வைரஸ் சுற்றுகிறது என்று அது தெரிவிக்கிறது. குதிரைக் கணக்கெடுப்பில் பொதுச் சுகாதாரத் துறைக்கு உண்மையில் உதவும் பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஒரு தொந்தரவு உண்டு: இந்தக் குடும்பத்து வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் எதிர்ப்பொருள்கள் ஒன்றை ஒன்று போலக் காட்டும். எலிசாவில் "வெஸ்ட் நைல்" என்று வந்தது, பிளேக் குறைப்பு நடுநிலைச் சோதனையில் (செல் படலத்தில் வைரஸ் உண்டாக்கும் ஓட்டைகளை எதிர்ப்பொருள் குறைக்கிறதா என்று பார்ப்பது) ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக மாறுவது சர்வ சாதாரணம்.

கடைசியாக ஆப்பிரிக்கக் குதிரை நோய். 1960இல் மேற்காசியா வழியாக இந்தியாவுக்குள் வந்து போனது; 2020இல் தாய்லாந்திலும் மலேசியாவிலும் தோன்றியது. இந்தியா இப்போது இந்நோய் இல்லாத நாடு. இங்கே ஒரே ஒரு பாசிட்டிவ் வந்தாலும் அதைச் சதவீதமாக எழுதிக்கொண்டிருக்கக் கூடாது; அன்றைக்கே அரசுக் கால்நடைத் துறைக்குத் தகவல் போக வேண்டும்.

எத்தனை குதிரைகள், எந்தெந்தக் குதிரைகள்

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து ஏறக்குறைய 3.4 லட்சம். 2012இல் 6 லட்சத்துக்கு மேல் இருந்தன. கோவேறு கழுதைகளும் கழுதைகளும் இன்னும் வேகமாகக் குறைந்திருக்கின்றன. உத்தரப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், ராஜஸ்தான், பீகார், குஜராத் போன்ற பகுதிகளில்தான் பெரும் எண்ணிக்கை. அங்கே அவை வண்டி இழுக்கும், செங்கல் சுமக்கும், மலையேறும். பந்தயக் குதிரை என்பது இந்தக் கூட்டத்தில் சிறு துளி. ஆனால் ரத்தம் எடுக்க எளிதாகக் கிடைப்பது அந்தத் துளிதான். மருத்துவர் உண்டு, லாயம் உண்டு, பிடித்து நிறுத்த ஆள் உண்டு. உலகம் முழுவதும் குதிரை ஆய்வுகள் இந்தப் பக்கமே சாய்ந்திருப்பதற்கு இதைத் தவிரப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

சாய்வு என்ன செய்யும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 200 பந்தயக் குதிரைகள், 200 உழைக்கும் குதிரைகள் என்று எடுத்தீர்கள். முதல் கூட்டத்தில் 90 சதவீதம் பாசிட்டிவ், இரண்டாவதில் 20. மொத்தமாகப் பார்த்தால் 55 சதவீதம். ஆனால் நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு உழைக்கும் குதிரைகள் என்றால், அந்தந்தப் பங்கின்படி எடைபோட்ட சரியான விடை 27. ரத்தமும் அதே, ஆய்வகமும் அதே. எடை போட்டோமா இல்லையா என்பதில் எண் பாதியாகிவிடுகிறது.

எத்தனை எடுப்பது? பாடப்புத்தகச் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: எதிர்பார்க்கும் விகிதம் 50 சதவீதம், பிழை கூட்டிக் கழித்து 5, நம்பிக்கை 95 சதவீதம் என்றால் 385 குதிரைகள். ஆய்வேடுகளில் இந்த 385 ஒரு மந்திரம் போல வருகிறது. அது உதிரி உதிரியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குதிரைகளை எடுத்தால் மட்டுமே செல்லும். ஒரே லாயத்தில் நிற்கும் இருபது குதிரைகள் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. ஒன்றுக்குச் சளி என்றால் வரிசைக்கே சளி. அவற்றுக்குள் ஒற்றுமை 0.2 என்று கொண்டால் (தொடர்பே இல்லை என்றால் 0, எல்லாம் ஒரே மாதிரி என்றால் 1), லாயத்துக்கு இருபது வீதம் எடுக்கும் திட்டத்துக்கு 4.8 மடங்கு மாதிரி வேண்டும். 385 என்பது 1,848 ஆகிறது. அவ்வளவுக்குப் பணம் இல்லையா? லாயத்துக்கு இருபது எடுப்பதை நான்காகக் குறைத்து, லாயங்களைக் கூட்டுங்கள். அதே ஒற்றுமைக்கு இப்போது 1.6 மடங்கு போதும். அலைச்சல் கூடும், கணக்கு நிற்கும்.

நோய் இல்லை என்று காட்டுவதற்கான கணக்கு தனி. நூற்றில் ஒன்று என்ற அளவில் இருந்தாலும் 95 சதவீத நம்பிக்கையுடன் கண்ணில் படவேண்டும் என்றால் 300 குதிரைகள் வேண்டும். 20 குதிரைகளில் ஒன்றுகூடப் பாசிட்டிவ் இல்லை என்றால், "நோய் இல்லை" என்று எழுதக் கூடாது. மூன்றை இருபதால் வகுத்தால் வருகிற 15 சதவீதம் வரை இருக்க வாய்ப்பு உண்டு என்றே எழுத வேண்டும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குதிரைக் குட்டி எதிர்ப்பொருள் இல்லாமல் பிறந்து, முதல் நாள் சீம்பாலில்தான் தாயின் எதிர்ப்பொருளைப் பெறுகிறது. குட்டியின் ரத்தத்தில் நீங்கள் பார்ப்பது தாயின் வரலாறு.

காலமும் நேரமும்

ஆடி மாதம் எனக்குப் பிடித்தமானது. கல்யாணம் இல்லை, ஊர்வலக் குதிரைகள் சும்மா நிற்கும், உரிமையாளருக்கும் பேச நேரம் இருக்கும். அதே ஆடியில்தான் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வந்து இறங்கும் இடம். ஒரே இடத்தில் பல ஊர்க் குதிரைகள் கிடைப்பது வசதிதான், ஆனால் சந்தைக்கு வருவது விற்பனைக்குத் தேய்த்துக் கழுவி நிறுத்திய குதிரை. நோயாளிக் குதிரையை யாரும் கொண்டுவருவதில்லை. சந்தைக் கணக்கைச் சந்தைக் கணக்கு என்றே தனியாக வையுங்கள்.

கொசு வழி நோய்களுக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, தை, மாசியில் எடுப்பது நல்லது. அந்தப் பருவத்தின் புதுத் தொற்றும் பதிவாகும். கத்திரி வெயிலில் எதற்கும் போகாதீர்கள். குதிரையும் படும், சீரமும் (ரத்தம் உறைந்ததும் மேலே தெளியும் நீர்) படும், நீங்களும் படுவீர்கள்.

நேரம் விடியற்காலை. மெரினாவில் கூட்டம் சேர்ந்த பிறகு போனால் உரிமையாளருக்கு நீங்கள் இழப்பு. ஒவ்வொரு நிமிடமும் ஒரு சவாரி போகிறது. கடற்கரைக்கு அருகே குதிரைகளைக் கட்டும் இடத்துக்கே, அவை தீனி தின்னும் நேரத்தில் போங்கள்.

உரிமையாளரிடம் பேசுதல்

இதை யாரும் கற்றுத்தருவதில்லை. "டாக்டரம்மா, ரத்தம் எடுத்தால் குதிரை இளைத்துவிடாதா?" என்பது நிச்சயம் வரும் கேள்வி. புத்தக விளக்கம் வேண்டாம். "அண்ணே, இந்தக் குதிரை முந்நூறு கிலோ இருக்கும். உடம்பில் இருபது லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நான் எடுப்பது இரண்டு தேக்கரண்டி" என்று குழாயைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் அதோடு சம்மதம்.

இரண்டாவது கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார்: ஏதாவது வந்தால் குதிரையைக் கொண்டுபோய்விடுவார்களா? நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். எந்தெந்த வைரஸுக்குப் பார்க்கிறோம், எது வந்தால் ஒன்றும் ஆகாது, எது வந்தால் 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அரசுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பதை ஊசியைத் திறப்பதற்கு முன் சொல்லுங்கள். சிலர் மறுப்பார்கள். மறுக்கட்டும், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒளித்துவைத்து வாங்கிய சம்மதத்தைவிடப் பதிவான மறுப்பு ஆய்வுக்குப் பயன்படும். ஒருவேளை மறுத்தவரின் லாயத்தில்தான் இருமல் இருக்கிறது.

எழுத்து வேலையும் இருக்கிறது: நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், உரிமையாளரின் கையெழுத்து அல்லது கைநாட்டு. ரத்தம் எடுப்பவர் பதிவுபெற்ற கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். இவற்றை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன் என்பதால் முக்கியமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

எந்தக் குதிரை என்பதை எழுதிவைத்தல்

பந்தயக் குதிரைக்கு மைக்ரோசிப் உண்டு. படிக்கும் கருவியைக் காட்டினால் பதினைந்து இலக்க எண் வந்துவிடும். மற்றவற்றுக்கு? பெயரை நம்பாதீர்கள். ராஜா என்று கூப்பிட்டால் கடற்கரையில் பல தலைகள் திரும்பும். நிறமும் போதாது, செவலை என்று எழுதிவைத்தால் ஊரில் பாதிக் குதிரைகள் செவலை.

சுழியைக் கேளுங்கள். நம் ஊர்க் குதிரைக்காரர் எல்லோருக்கும் சுழி சாஸ்திரம் தெரியும்: நெற்றியில் ஒன்றா இரண்டா, கழுத்தில் எந்தப் பக்கம், மார்பில் இருக்கிறதா, எது ராசி, எது ஆகாது. ராசியை அவரிடம் விட்டுவிடுங்கள். மயிர்ச்சுழியின் இடம் குதிரையின் ஆயுள் முழுக்க மாறாது. சர்வதேசக் குதிரைக் கடவுச்சீட்டுகளிலும் அடையாளமாகச் சுழியைத்தான் வரைந்துவைக்கிறார்கள். அச்சடித்த குதிரை உருவப்படத்தில் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் குறியிட்டால், ஐந்து நிமிடத்தில் யாரும் மறுக்க முடியாத அடையாளம் கிடைத்துவிடும். தமக்குத் தெரிந்ததை டாக்டர் எழுதிக்கொள்கிறார் என்ற மகிழ்ச்சியில் அவர் மற்றத் தகவல்களையும் தாராளமாகச் சொல்வார்.

வயது மட்டும் அவர் சொல்லிக் கேட்காதீர்கள். விற்கும் எண்ணம் இருந்தால் எல்லாக் குதிரைக்கும் ஐந்து வயது. வாயைத் திறந்து பாருங்கள்: முன்பற்கள் எல்லாம் நிரந்தரப் பற்களாக மாறி முடிவது ஐந்து வயதை ஒட்டி, மேல் ஓரப் பல்லில் ஈறோரம் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு தலைகாட்டினால் பத்து வயதைத் தொட்டிருக்கிறது.

இவற்றோடு தடுப்பூசி, எங்கே வாங்கியது, கடந்த ஓர் ஆண்டில் எந்தெந்த ஊர் போனது, இருமல், காய்ச்சல், கருச்சிதைவு. பக்கத்தில் பன்றி மேய்கிறதா, தேங்கிய நீர் இருக்கிறதா. படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாம் பக்கத்துக்குக் குதிரையும் நிற்காது, உரிமையாளரும் நிற்கமாட்டார்.

ரத்தம் எடுத்தல்

இடப்பக்கமாக நெருங்குங்கள், குதிரைகள் அந்தப் பக்கத்துக்கே பழக்கப்பட்டவை. தலைக்கயிற்றைப் பழகிய ஆளே பிடிக்கட்டும், அவரும் நீங்கள் நிற்கும் பக்கத்திலேயே நிற்கட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்தினால் சிரை விரல் தடிமனுக்குப் புடைக்கும். கழுத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் குத்துங்கள். அங்கே சிரைக்கும் அடியில் ஓடும் தமனிக்கும் நடுவே ஒரு தசை இருக்கிறது. கீழே போகப் போக அந்தக் காப்பு இல்லை. சிவப்பு மூடிக் குழாயில் 10 மில்லி. எடுத்ததும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

ஒரு குதிரைக்கு ஓர் ஊசி. ஊசி மிச்சம் பிடிக்கிறேன் என்று தொற்று ரத்தசோகையைப் பரப்பிவிட்டு, பிறகு அதன் சதவீதத்தை அளப்பது எந்த நியாயம்? கையுறை கட்டாயம், கிளாண்டர்ஸ் போன்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் வரும்.

குழாயில் எண்ணைப் பென்சிலால், ஒட்டும் காகிதத்தில் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட் பட்டால் போய்விடும். அதே எண் படிவத்திலும் இருக்க வேண்டும்.

பிறகு குழாயை நிழலில் செங்குத்தாக நிறுத்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் உறைய விடுங்கள். உடனே ஐஸில் திணிக்காதீர்கள், குலுக்காதீர்கள், முழு ரத்தத்தை உறைவிப்பானில் வைக்கவே வைக்காதீர்கள். சிவப்பணு உடைந்து சீரம் செந்நீராகிவிடும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய பிறகு மேலே நிற்கும் சீரம் நல்ல மஞ்சளாக இருக்கும். நாய், ஆட்டு ரத்தத்தையே பார்த்துப் பழகிய மாணவர்கள் "மேடம், இந்தக் குதிரைக்கு மஞ்சள் காமாலை" என்று ஓடிவருவார்கள். குதிரைச் சீரம் இயல்பிலேயே மஞ்சள்.

ஒரு மில்லி வீதம் மூன்று நான்கு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கி உறைய வைக்கும்போதும் எதிர்ப்பொருள் கொஞ்சம் கெடும். அதற்காகத்தான் பல குப்பி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு உதவாது, பனி சேராத வகையாக இருந்தால் அது தானாகவே சூடேறிச் சூடேறி இறங்கும்.

வெளியே அனுப்புவதாக இருந்தால், குதிரை நோய்களுக்கு நாட்டின் முதன்மை ஆய்வு நிலையம் ஹரியாணாவில் ஹிசார் நகரில் இருக்கிறது. முன்கூட்டியே பேசி, மூன்றடுக்குப் பொதியில், ஜெல் ஐஸோடு அனுப்புங்கள். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி ஞாயிறு முழுதும் ஏதோ ஒரு கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.

ஆய்வகத்தில் கவனிக்க வேண்டியவை

சோதனைப் பெட்டியுடன் வரும் தாளில் எல்லாம் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. இரண்டு விஷயம் மட்டும்.

போட்டிவகை எலிசாவில் நிறம் குறைந்தால்தான் பாசிட்டிவ். குதிரையின் எதிர்ப்பொருள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நிறம் தரும் எதிர்ப்பொருளுக்கு இடமில்லாமல் போகிறது. நிறம் வந்த குழிகளையெல்லாம் பாசிட்டிவ் என்று வட்டமிடுகிறவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள்.

இன்ஃபுளூயன்சாவுக்கான சிவப்பணுத் திரட்சித் தடுப்புச் சோதனையில் அடிக்குழியைப் பாருங்கள். வைரஸ் வென்றால் சிவப்பணுக்கள் குழி முழுக்கப் படலமாகப் பரவி நிற்கும்; எதிர்ப்பொருள் வென்றால் அவை நடுவில் சின்னச் சிவப்புப் புள்ளியாக இறங்கிவிடும். தட்டைச் சாய்த்தால் அந்தப் புள்ளி கண்ணீர்த் துளியாக வழிய வேண்டும்; வழியாவிட்டால் சந்தேகப்படுங்கள். குதிரைச் சீரத்தில் இயல்பாகவே வைரஸைத் தடுக்கும் வேறு பொருள்களும் உண்டு. பெரியோடேட் போன்றவற்றால் முன்கூட்டிச் சீரத்தைத் தயார் செய்யாவிட்டால் எதிர்ப்பொருள் இல்லாத குதிரையும் பாசிட்டிவாகத் தெரியும். அண்மைத் தொற்றா என்று அறிய ஒரு சீரம் போதாது. இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று எடுத்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணைத் திருத்துதல், எழுதுதல்

சோதனை காட்டும் சதவீதம் உண்மைச் சதவீதம் அல்ல. 1978இல் ரோகன், கிளேடன் இருவரும் தந்த சூத்திரம் எளிது: தெரியும் விகிதத்தோடு, இல்லாததை இல்லை என்று சொல்லும் திறனைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள், அதை இரு திறன்களின் (இதுவும், இருப்பதை இருக்கிறது என்று சொல்லும் திறனும்) கூட்டுத்தொகையிலிருந்து ஒன்றைக் கழித்த விடையால் வகுங்கள். இரு திறனும் 95 சதவீதம் உள்ள சோதனையில் 10 சதவீதம் பாசிட்டிவ் வந்தால், உண்மை ஏறக்குறைய 5.6. அதே சோதனையில் 5 சதவீதம் வந்தால் உண்மை பூஜ்யமாகவே இருக்கலாம். அத்தனையும் பொய்ப் பாசிட்டிவ். அபூர்வ நோய்க்கு உறுதிச் சோதனை இல்லாமல் எண் வெளியிடுவது ஏன் தவறு என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும்.

60இல் 12 என்றால் "20 சதவீதம்" என்று மட்டும் எழுதாதீர்கள். "20 சதவீதம், நம்பிக்கை எல்லை 12 முதல் 32 வரை" என்று எழுதுங்கள். அந்த எல்லையின் அகலம் உறுத்தும், உறுத்தட்டும். தடுப்பூசி போட்டவை தனி வரிசை, போடாதவை தனி, தெரியாதவை தனி. தெரியாதவற்றைப் போடாதவற்றில் தள்ளிவிடுவது நம் துறையின் பழைய சோம்பேறித்தனம். கோவேறு கழுதைக்கும் கழுதைக்கும் தனி வரிசை.

சென்னையில் மட்டும் எடுத்திருந்தால் தலைப்பில் "சென்னை" என்றே இருக்கட்டும். "இந்தியக் குதிரைகளில்" என்று ஆரம்பித்துவிட்டு, உள்ளே மூன்று லாயங்களின் பெயர் வரும் கட்டுரைகளை நான் நிறையத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் அடுத்தவர் அறிக்கையைப் படிக்கும்போதும் இந்த வரிசையிலேயே கேளுங்கள்: யாருடைய குதிரைகள், எத்தனை பேர் மறுத்தார்கள், தடுப்பூசி பிரித்துக் காட்டியிருக்கிறதா, எந்தச் சோதனை, உறுதிப்படுத்தினார்களா, எடை போட்டார்களா. சதவீதத்தைக் கடைசியில் பாருங்கள்.

முடிவு வந்ததும் உரிமையாளருக்கு அவர் குதிரையின் விடையைத் தமிழில், ஒரு தாளில், நேரில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த முறை அந்தத் தெருவில் எந்த லாயமும் திறக்காது, உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும்.

மிச்சமான சீரத்தைக் கொட்டாதீர்கள். நாளைக்குப் புது வைரஸ் ஒன்று வந்தால், அது இங்கே எப்போது நுழைந்தது என்பதைச் சொல்லும் ஒரே பொருள் அந்தப் பழைய குப்பிகள்தான். மைனஸ் 80 டிகிரிக்கு மாற்றி, எந்தப் பெட்டியில் எந்த எண் என்ற பட்டியலை ஒன்று பெட்டிக்குள்ளும் ஒன்று கோப்பிலும் வையுங்கள். குறியீடுகளுக்கு விளக்கமும் அதிலேயே இருக்கட்டும். எழுதிய மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு "மெ-07-செ" என்றால் என்னவென்று கேட்க ஆள் இருக்கமாட்டார்.